எது முதலில் முறியும்

ப்ளோன்டுவோஸில் மார்ச் என்றாலும் பனிதான்.
கம்பளி கழுவும் ஆலையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
ஹ்யால்டிக்கு ஆட்டு லாரி ஓடாத மாதம்.
கொட்டகையில் ஒரு சுசுகி ஃபாக்ஸ்,
கதவைச் சாத்தினாலே முழுசாய்க் குலுங்கும் குட்டி ஜீப்.
அதன் மூக்குக்குள்
வால்வோ இன்ஜினை இறக்கிக்கொண்டிருந்தோம்.

அது என் முன்னாள் மாமியாரின் காரில் இருந்தது.
கதவு நான்கும் துருவாய் உதிர்ந்த பிறகும்
இன்ஜின் மட்டும்
முதல் சாவிக்கே எழுந்து உட்காரும்,
அவளைப் போலவே.

நாற்பத்தைந்து குதிரை நின்ற லாயத்தில் நூறு.
குதிரைகளை எண்ணுவது சுலபம்.
ஹ்யால்டி ஃப்ரீசர் கதவில் சாக்பீஸால் கணக்குப் போட்டான்:
முதல் கியர் மூன்று புள்ளி ஏழு,
தாழ்வரிசை இரண்டரை,
பினியனும் பல்சக்கரமும் சேர்ந்து நாலு சொச்சம்.
"முப்பத்தெட்டு மடங்கு."
அவ்வளவு முறுக்கும் போய்ச் சேரும் இடம்
என் கட்டைவிரலைவிடச் சற்றே தடித்த
இரண்டு ஆக்சில் கம்பி.

"விரலுக்கு மிஞ்சின வீக்கம்" என்றாள்
வாசலோடு திரும்பிப் போன என் அக்கா குன்வோர்.

கேட்டைத் தாண்டுவதற்குள்
டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கிய ரப்பர் மூன்றும் கிழிந்தன.
பெட்டி புரண்டு படுத்தது,
லீவர் அவன் முழங்காலை அடித்தது.
இரும்புக்கை ஒன்று வைத்துப் பற்றவைத்தோம்.
அடுத்த வாரம் ஷாஃப்ட்டின் கிராஸ்,
பெட்ரோல் பங்க் வாசலில்,
ஹாட்டாக் தின்றபடி ஊரே பார்க்க
சொடக்குப் போட்டு விட்டுப்போனது.
பெரிய கிராஸ் போட்டோம்.
பிறகு ஒருநாள் எண்ணெய் வடித்த தட்டில்
பல்சக்கரத்தின் பல் இரண்டு,
குழந்தை துப்பியதைப் போலப் பளபளவென்று.

ஒன்றைக் கெட்டியாக்கினால்
வலி அடுத்த மூட்டுக்கு நகர்கிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து
எல்லாவற்றுக்கும் தடித்த கம்பி தருவிக்கலாம் என்றான்.
வேண்டாம் என்றேன்.
எதுவுமே முறியாத வண்டி
கடைசியில் எதை முறிக்கும், சொல்.
ஹவுசிங்கையா? சட்டத்தையா?
ஏதோ ஒன்று போய்த்தான் ஆகவேண்டும் என்றால்
நான் கை வைக்க முடிகிற இடத்தில் போகட்டும்.
பின்பக்கம், இடது.
நாலு போல்ட், அரைமணி வேலை.
பழைய கம்பியே இருக்கட்டும்,
உதிரி இரண்டு சீட்டுக்கு அடியில்.

மூன்று நாள் அவன் பேசவில்லை.
பேசாமலேயே எல்லா நட்டையும் முறுக்கினான்.

ஏப்ரலில் கியோலூர் மேட்டுக்கு ஏறினோம்.
டயரில் பாதிக்காற்று, மாவு போல் பனி.
ஓட்டியது நான்.
ஒரு மேட்டில் சக்கரம் புதைந்தது.
பின்னுக்கு, முன்னுக்கு, பின்னுக்கு
என்று பொறுமையாய் ஆட்டியிருக்க வேண்டும்.
மிதித்தேன்.

டங்.

கோயில் மணி மாதிரி இல்லை,
கரண்டி தரையில் விழுந்த மாதிரி.
இன்ஜின் மட்டும் இளைப்பே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

ஹ்யால்டி இறங்கினான்.
"எந்தப் பக்கம்?"
"நீயே பார்."
குனிந்து பார்த்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.
பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு
என் பழைய ஸ்வெட்டர் சுற்றிய உதிரியை எடுத்தான்.

காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம்.
விரல் மரத்தது, போல்ட் இரண்டு பனியில் தொலைந்தது,
அரைமணி ஒன்றேமுக்கால் மணியானது.
உள்ளே தங்கிய துண்டைக்
காந்தம் கட்டித் தூண்டில் போட்டு இழுத்தேன்.
வெளியே வந்ததும் இருவரும் பார்த்தோம்:
நேராய் ஓட வேண்டிய பல்வரிசை
ஞாயிற்றுக்கிழமை க்ளெய்னா ரொட்டிபோல்
ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.
உடைவதற்கு முன்
எத்தனை வாரமாய்த் திருகிக்கொண்டிருந்ததோ,
யாரிடமும் சொல்லாமல்.

அதைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அவன் ஓட்டினான்.
இரண்டாம் கியர்,
முட்டையின்மேல் கால் வைத்ததுபோல்.
ஊர் விளக்கு தெரிகிறவரை
மூன்றாவதை
அவன் தொடவே இல்லை.